குல்லாயும் கொக்கி ஊசியும்



மேச்சேரி என்றதும் சேலம் மாவட்டத்தார் நெஞ்சில் இரண்டு தோன்றும். ஒன்று பத்திரகாளியம்மன் திருக்கோயில். மற்றொன்று மேச்சேரிச் செம்மறியாடு. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், தருமபுரி ஆகிய பகுதிகளின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் பெருகி வளரும் இவ்வாட்டினம் இவ்வூரின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. இதனைப் பேணுவதற்கென 1978-ஆம் ஆண்டில் அருகிலுள்ள பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் நிறுவப்பெற்றது. வெளிர் பழுப்பு நிறமும் குட்டை மயிரும் உடைய இவ்வாட்டிற்குக் கம்பளி இல்லை. இதன் பெருமையெல்லாம் இறைச்சியிலும் தோலிலும் அடங்கியது. தோல் பதனிடுவோர் இதன் தோலை மிகவும் விரும்புவர்.

ஆதலின் ஒன்று காண்க. மார்கழிக் காலையில் மேச்சேரித் தெருக்களில் பாட்டியர் இடுப்பில் அமர்ந்து வரும் சிறு குழந்தைகளின் தலையில் வண்ணக் குல்லாய் இருக்கும். சிலவற்றில் முயற்காதும் கரடிக்காதும் கூட இருக்கும். ஆடு நிறைந்த ஊரில் அக்குல்லாய்க்கு வேண்டிய கம்பளி ஊர் ஆட்டிலிருந்து கிடைப்பதில்லை. அதனைப் பின்னும் கலையும் இவ்வூரில் பிறந்ததன்று. நூல் ஓரிடத்திலிருந்தும், ஊசி மற்றோர் இடத்திலிருந்தும், பின்னும் முறை வேறோர் இடத்திலிருந்தும் வந்து அக்குழந்தையின் தலையில் கூடியிருக்கின்றன. இவை கூடிய கதையையே இன்று நாம் காணப் போகிறோம். அரசர் பெயரும் போர்க்களமும் இக்கதையில் குறைவு. பஞ்சமும் அடிமைத்தனமும் பெண்களின் விரலும் இதில் மிகுதி.

முதலில், குழந்தைக்குக் குல்லாய் ஏன் வேண்டும் என்பதைத் தெளிவோம். வளர்ந்தவர் உயரத்தில் தலையின் பங்கு ஏறத்தாழ எட்டில் ஒன்று. பிறந்த குழந்தைக்கோ அது ஏறத்தாழ நான்கில் ஒன்று. உடலை நோக்கத் தலை பெரிதாகையால், அதன் வழியே குழந்தை இழக்கும் சூடும் மிகுதி. 1978-ஆம் ஆண்டில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கார் ரே என்னும் மருத்துவர், எடை குறைந்து பிறந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்து அணைத்து வைத்துக் காக்கும் முறையைத் தொடங்கி வைத்தார். கங்காரு தாய்மைப் பராமரிப்பு என்று இன்று நம் மருத்துவமனைகளிலும் வழங்கும் முறை இதுவே. அம்முறையில் குழந்தையின் உடலில் இருக்கும் ஆடைகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று குல்லாய். விளையாட்டுப் பொருள் போல் தோன்றும் அச்சிறு குல்லாய் உயிர்காக்கும் பொருளாகவும் நிற்பதை நினைவில் வையுங்கள்.

இனிச் சொற்களின் வரலாற்றிற்கு வருவோம். குல்லாய் என்பது பாரசீக மொழியில் தலையணியைக் குறிக்கும் குலாஹ் என்னும் சொல்லிலிருந்து வந்து நம் மொழியில் கலந்தது. குல்லாயைப் பின்னும் கலையைக் குரோஷா என்கிறோம். இது குரோஷே என்னும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. அதற்குச் சிறு கொக்கி என்பது பொருள். பெயரே கருவியைச் சுட்டிவிடுகிறது. ஸ்வெட்டர் பின்னுவோர் கையில் இரண்டு நீண்ட ஊசிகள் இருக்கும். அவற்றின்மேல் பல கண்ணிகள் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும். குரோஷாவிலோ, நுனியில் கொக்கியுடைய ஓர் ஊசியே கருவி. பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். அதனுள் நூலை இழுத்து அடுத்த கண்ணியை உண்டாக்குகிறோம். இவ்வேறுபாட்டை மறவாதீர்கள், பின்னர் இது நமக்குப் பயன்படும்.

இக்கொக்கி எங்கிருந்து வந்தது? குஜராத்திலும் கட்ச்சுப் பகுதியிலும் மோச்சி என்னும் தோல் தொழிலாளர் வாழ்ந்தனர். அவர்கள் தோல் தைக்கும் கொக்கிக் குத்தூசியைக் கொண்டே துணியில் பூவேலை செய்யத் தொடங்கினர். ஆரி வேலை என்று இன்றும் வழங்கும் பூத்தையல் இதுவே. நம் ஊர்த் தையற்கடைகளில் மணமகள் இரவிக்கைக்கு இவ்வேலையையே செய்கின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் இதே வகைக் கொக்கித் தையல் ஐரோப்பாவில் பரவிற்று. முரசின் தோலைப் போல் துணியை வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டித் தைத்தமையால் அங்கு அதற்குத் தம்பூர் வேலை என்று பெயர். கொக்கி, துணியின் அடியிலிருந்து நூலை மேலே இழுத்துச் சங்கிலி சங்கிலியாகக் கோக்கும். அச்சங்கிலி துணியின்மேல் நிற்க வேண்டியதில்லை, துணியை நீக்கிவிட்டு வெறுங்காற்றிலேயே கோக்கலாம் என்று கண்டபொழுது குரோஷா பிறந்தது எனச் சில ஆய்வாளர் கருதுவர். தோலிலிருந்து துணிக்கும், துணியிலிருந்து காற்றிற்கும் கொக்கி நகர்ந்தது என்பது அவர்தம் கருத்து.

வேறொரு மரபும் உண்டு. ஸ்காத்லாந்தில் எலிசபெத் கிராந்த் என்னும் பெருமாட்டி எழுதிய நினைவுக் குறிப்புகளில், கொக்கியால் பின்னும் முறை ஒன்று மேய்ப்பர் பின்னல் என்று குறிக்கப்படுகிறது. ஆடு மேய்ப்போர் பெயரால் இக்கலை வழங்கிய காலமும் இருந்தது என்பதை மேச்சேரி மாணவர் அறிந்து மகிழலாம். 1823-இல் நெதர்லாந்தில் வெளிவந்த பெனெலோப்பே என்னும் மாத இதழில் குரோஷாவின் மாதிரிகள் அச்சாயின. ஆகவே, அச்சில் ஏறிய வரலாற்றை நோக்கினால் இக்கலைக்கு வயது இருநூறு ஆண்டுக்குச் சற்றே மிகுதி.

இருநூறு ஆண்டுக்குள் இஃது உலகெங்கும் பரவியது எவ்வாறு? பஞ்சத்தின் வழியே பரவியது என்பதே துயரமான விடை.

அயர்லாந்து நாட்டில் உழவர் பெரும்பாலும் உருளைக்கிழங்கையே உண்டு வாழ்ந்தனர். 1845-இல் ஒரு நோய் தோன்றி அப்பயிரை அழித்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அத்தனை பேரோ அதற்கும் மேற்பட்டோரோ நாட்டை விட்டு வெளியேறினர். அந்நாளில் கார்க் நகரை அடுத்த உர்சுலின் கன்னிமடத்தார் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்பித்தனர். குளோன்ஸ் என்னும் ஊரில் கசாந்திரா ஹாண்ட் என்ற அம்மையார் அத்தொழிலை 1847-இல் தொடங்கி வைத்தார். ஒரு கொக்கி ஊசி, ஓர் உருண்டை நூல். இவ்விரண்டைத் தவிர வேறு முதல் வேண்டாத தொழில் அது. தறி வேண்டாம், கூடம் வேண்டாம், அடுப்பங்கரையிலேயே அமர்ந்து செய்யலாம். உழுத நிலம் கைவிட்டபொழுது பல குடும்பங்களுக்குப் பெண்களின் விரல்கள் சோறிட்டன. புலம்பெயர்ந்தோருடன் அக்கலை கடல் கடந்து அமெரிக்காவிற்கும் சென்றது.

பஞ்சம் என்பது நமக்கு அயல்நாட்டுச் செய்தியன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாடு பெரிது. 1871-இல் எடுத்த குடிக்கணக்கையும் 1881-இல் எடுத்த குடிக்கணக்கையும் ஒப்பிட்டால், இம்மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருப்பதைக் காணலாம். காவிரி பாய்ந்தும் அதன் நீரைத் தேக்க அன்று அணை இல்லை. மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934-இல்தான். மழை பொய்த்த ஊரில் உழவன் செய்வதற்கு ஒன்றுமில்லை. அத்தகைய காலத்தில் கைத்தொழில் ஒன்று இருத்தல் உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வேற்றுமையாகும்.

தமிழ் பேசும் நிலத்தில் நூற்பின்னல் தொழில் வேரூன்றிய வரலாறு இதனினும் உருக்கமானது. 1819-ஆம் ஆண்டின் இறுதியில் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் என்னும் ஆங்கிலத் தம்பதியர் இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் நாகர்கோவிலுக்கு வந்தனர். அப்பகுதி அன்று திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. மார்த்தா அம்மையார் பெண்களுக்கென நடந்த விடுதிப் பள்ளியில் எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்பித்தார். அங்கு பயின்றோருள் அடிமைச் சிறுமியர் சிலரும் இருந்தனர். ஆம், மனிதரை மனிதர் விலைக்கு வாங்கிய காலம் அது. அச்சிறுமியர் தாம் பின்னிய லேஸை விற்றுக் கிடைத்த பொருளைக் கொண்டு தம் விடுதலைக்குரிய விலையைச் செலுத்தி மீண்டனர். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அரசாணை பிறந்தது 1855-இல். அதற்கு முன்பே, அரசன் ஆணையை எதிர்பாராமல், நூலிழையைக் கொண்டு விடுதலை பெற்ற சிறுமியர் நம் நாட்டில் இருந்தனர் என்பதை வரலாற்று மாணவர் பொன்னெழுத்தால் பொறித்துக்கொள்ள வேண்டும்.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844-இல் கால்டுவெல்லை மணந்தார். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட அறிஞர் கால்டுவெல்லையே குறிப்பிடுகிறேன். அவர் இடையன்குடியில் மொழி ஆராய்ந்திருந்த காலத்தில், எலைசா அம்மையார் அவ்வூர்ப் பெண்களுக்குப் பள்ளி நடத்தி லேஸ் பின்னலையும் கற்பித்தார். கணவரின் நூல் நமக்குத் தெரியும். மனைவியாரின் நூல் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஈண்டு ஒரு தெளிவு வேண்டும். நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் கற்பித்தது திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் லேஸ். அது குரோஷா அன்று. கொக்கி ஊசி கொண்டு பின்னும் குரோஷா லேஸ் பெருந்தொழிலாக வளர்ந்தது ஆந்திரத்துக் கோதாவரிக் கழிமுகத்திலுள்ள நரசாபுரத்தில். அங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிமாரே அதனைக் கற்பித்தனர். நரசாபுரம் குரோஷா லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நரசாபுரத்து வரலாற்றில் நாம் கற்க வேண்டிய கடினமான பாடம் ஒன்று உண்டு. மரியா மீஸ் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் அங்குத் தங்கி ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது யாது? பெண்கள் சமையல், நீரெடுத்தல், பிள்ளை வளர்ப்பு ஆகிய வேலைகளோடு நாள்தோறும் பல மணி நேரம் லேஸ் பின்னினர். அவர்கள் பின்னியவை மேல்நாட்டுக் கடைகளில் விற்றன. வணிகர் செல்வராயினர். ஆனால் பின்னிய பெண்களோ வெறும் இல்லத்தரசியர் என்றே எண்ணப்பட்டனர். அவர்கள் செய்தது ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு என்றே சொல்லப்பட்டது. பொழுதுபோக்கிற்கு நியாயமான கூலி எதற்கு என்று எவரும் கேட்டு விடலாம் அன்றோ? வீட்டிற்குள் நடக்கும் உழைப்பிற்கு உழைப்பு என்று பெயர் சூட்டாமையே அதன் விலையைக் குறைக்கும் வழியாயிற்று என்று அவர் நிறுவினார். அயர்லாந்தில் சோறிட்டதும், நாகர்கோவிலில் விடுதலை தந்ததும் நூற்பின்னலே. நரசாபுரத்தில் குறைந்த கூலிக்குப் பெண்களைப் பிணித்ததும் நூற்பின்னலே. கலை ஒன்றே, கணக்கு வேறு. உழைத்தவர் கைக்கு ஊதியம் சேர்ந்ததா என்பதே அவ்வேறுபாடு.

இயந்திரம் வந்து இவ்வுழைப்பைக் குறைக்கவில்லையா என்று நீங்கள் வினவலாம். 1589-இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். திருப்பூர்ப் பனியன் பொறிகள் அவ்வழி வந்தவையே. பல கண்ணிகள் வரிசையாக ஊசிகளில் நிற்கும் பின்னலாகையால் பொறிக்கு அஃது எளிது. குரோஷாவிலோ ஒரே கண்ணி; கொக்கி ஒவ்வொரு முறையும் வேறு வேறு திசையில் முன்பு பின்னிய இடத்தைத் தேடி நுழைய வேண்டும். இதனைக் கையளவிற்குச் செய்து வணிகத்திற்கு உதவும் பொறி இன்னும் வழக்கிற்கு வரவில்லை. குரோஷா இயந்திரம் என்ற பெயரில் இருப்பவை வேறு வகைப் பின்னலையே செய்கின்றன. ஆகவே, கடையில் தொங்கும் உண்மையான குரோஷாக் குல்லாய் ஒவ்வொன்றையும் எங்கோ ஒருவர் தம் விரலால்தான் பின்னியிருக்கிறார். விலை எவ்வளவு மலிவாயினும் இவ்வுண்மை மாறாது.

அவ்விரலின் உழைப்பை அளந்து காண்போமா? ஓராண்டு நிரம்பிய குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 45 அல்லது 46 சென்டிமீட்டர். பின்னல் சற்று நெகிழுமாதலால் குல்லாயின் வாய் 43 சென்டிமீட்டர் இருந்தால் போதும். உச்சியில் ஒரு சிறு வளையத்தில் 6 முடிச்சுகளோடு தொடங்குவர். அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18, பின்னர் 24 என்று சுற்றுக்கு 6 கூட்டுவர். ஏன் 6? சிங்கிள் குரோஷா முடிச்சின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றே. வட்டத்தின் ஆரம் ஓர் அலகு கூடினால் சுற்றளவு இரண்டு பை அளவு, அதாவது 6.28 அலகு கூடும் என்று கணக்கில் படித்திருக்கிறீர்கள். ஆகவே 6 கூட்டினால் வட்டம் தட்டையாக நிற்கும். பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் சூத்திரத்தைக் காணாத பாட்டியரும் இதனை விரலால் அறிந்திருந்தனர்.

கூட்டுதலை நிறுத்தினால் ஓரம் கீழ்நோக்கி வளைந்து கிண்ணம் போலாகும், அதுவே குல்லாய். மாறாக, 6-க்கும் மேலாகக் கூட்டிக்கொண்டே போனால் ஓரம் பாவாடை விளிம்பு போல் அலை அலையாகச் சுருங்கும். அத்தகைய வளைபரப்பினைக் கணித வல்லுநர் அதிபரவளையத் தளம் என்பர். காகிதத்தில் அதனை நிலையான உருவாக அமைப்பது அரிதாயிருந்தது. 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தைனா தைமினா என்னும் கணிதப் பேராசிரியை குரோஷாவால் அதனைப் பின்னி மாணவர் கையில் கொடுத்தார். குல்லாய் பின்னும் ஊசி உயர்கணிதம் கற்பிக்கும் கோலாகவும் ஆயிற்று.

நம் குல்லாய்க்குத் திரும்புவோம். முடிச்சு ஒன்று 6 மில்லிமீட்டர் அகலமும் உயரமும் உடையது எனக் கொள்வோம். 12-ஆம் சுற்றில் 72 முடிச்சுகள் ஆகும், சுற்றளவு 43.2 சென்டிமீட்டர். அதுவரை போட்ட முடிச்சுகளைக் கூட்டினால் 468. பின்னர்க் கூட்டாமல் 16 சுற்றுகள் பின்னினால் மேலும் 1152. ஆக மொத்தம் 1620 முடிச்சுகள். நிமிடத்திற்கு 15 முடிச்சு போடும் தேர்ந்த கைக்கு இஃது 108 நிமிட வேலை. இடையில் அழும் குழந்தையை எடுத்தல், பொங்கும் பாலை இறக்குதல் ஆகியவை இக்கணக்கில் சேரா. காது தைக்கும் நேரமும் சேராது.

காது என்றேன். குழந்தையின் தலையில் விலங்கின் முகத்தை அமைத்துப் பார்க்கும் ஆசை புதிதன்று. சீன நாட்டில் ஆண்டுகள் பலவாகக் குழந்தைகளுக்குப் புலித்தலைக் குல்லாயைத் துணியில் தைத்து அணிவிக்கின்றனர். புலியைக் கண்டு தீயவை அஞ்சி ஓடும் என்பது அவர்தம் நம்பிக்கை. நாம் கன்னத்தில் மை தீட்டித் திருஷ்டி கழிப்பது போன்றதே அது. அயலூர் முயலும் கரடியும் நம் கடைகளில் குல்லாயாக வந்திருக்க, மேச்சேரிக் குட்டி மட்டும் ஏன் வரக்கூடாது? வெளிர் பழுப்பு நூலில் குல்லாய் பின்னி, இருபுறமும் இரு காதுகளைத் தொங்கவிட்டால் போதும். கொம்பு வேண்டாம், மேச்சேரிச் செம்மறியில் கிடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பில்லை. கம்பளி தராத ஆட்டின் உருவைப் பருத்தி நூலில் பின்னுவது நம் வெப்பத்திற்கும் ஏற்றது. பருத்தி வியர்வையை உறிஞ்சும். மென்மையான தோலை உறுத்தாது.

பின்னுவோர் சில எச்சரிக்கைகளை மறத்தல் ஆகாது. பொத்தான்களையும் மணிகளையும் கண்ணாக வைத்தல் கூடாது. அவை கழன்றால் குழந்தை வாயிலிடும். கண்ணையும் மூக்கையும் நூலாலேயே பின்ன வேண்டும். கழுத்தில் கட்டும் நீண்ட கயிறும் வேண்டா. உடல் நலமுள்ள குழந்தை வீட்டினுள் உறங்கும்பொழுது குல்லாயைக் கழற்றிவிட வேண்டும். உடற்சூடு மிகுவதும் தீங்கே.

மாணவர்களே, 2016-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31-ஆம் நாள் சென்னையில், மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்னும் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்து உலகச் சாதனை படைத்தனர். தனித்தனி வீடுகளில் மறைந்திருந்த விரல்கள் ஒன்று கூடியபொழுது அவ்வுழைப்பு மைதானம் நிறைய விரிந்தது. கண்டவர் அளந்து பார்த்தனர். வீட்டிற்குள் நிகழும் வேலை கண்ணுக்குப் புலப்படுவதற்கு அத்துணைப் பெரிய பரப்பு வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ குரோஷா பின்னும் அத்தையோ பாட்டியோ இருப்பின், அவர் அருகில் அமர்ந்து ஒரு குல்லாய்க்கு எத்தனை முடிச்சு, எத்தனை நாழிகை, நூலின் விலை யாது, விற்றால் கைக்கு வருவது யாது என்று கேட்டு எழுதுங்கள். ஆண்பிள்ளைகளும் கேட்கலாம், ஊசியைப் பிடித்துக் கற்கவும் செய்யலாம். அவ்வாறு நீங்கள் எழுதும் ஒரு பக்கம், எந்தக் குடிக்கணக்கிலும் இடம்பெறாத ஓர் உழைப்பாளியின் வரலாறாகும்.